விவேகானந்தர் பாறையின் பழைய பெயர்



பொது அறிவுப் புத்தகங்களில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று. "விவேகானந்தர் பாறையின் பழைய பெயர் என்ன?" விடை: ஸ்ரீபாதப் பாறை. ஒரு மதிப்பெண். அடுத்த கேள்வி தமிழ்நாட்டின் மிக உயரமான சிகரம் எது என்று போய்விடும். நம் வகுப்பில் டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிற நண்பர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த விடையைச் சொல்வார்கள். ஆனால் அது என்ன பாதம், யாருடைய பாதம், அந்தப் பெயர் எப்போது போனது, உண்மையிலேயே போய்விட்டதா என்று கேட்டால் பதில் வராது. ஒற்றை வரி விடைக்குப் பின்னால் இருக்கிற பெரிய கதையைத்தான் இந்தப் பதிவில் எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பாதம். கன்னியாகுமரிக் கரையிலிருந்து ஏறக்குறைய அரை கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள் நிற்கிறது அந்தப் பாறை. அதன் மேல் ஓரிடத்தில் மனிதக் காலடி வடிவத்தில், கொஞ்சம் பழுப்பு நிறத்தில் ஒரு தடம் இருக்கிறது. காலடி என்றதும் ஈர மண்ணில் பதிந்த குழிவு மாதிரி இருக்கும் என்று நினைப்போம். இது அப்படியல்ல, பாறையில் லேசாகப் புடைத்து நிற்கும் தடம். குமரி அம்மன் ஒற்றைக் காலில் நின்று சிவனை நோக்கித் தவம் செய்த இடம் இது, அவள் கால் பட்ட அடையாளம்தான் அந்தத் தடம் என்பது தொன்றுதொட்டு வரும் நம்பிக்கை. ஸ்ரீபாதம் என்றால் திருவடி. ஆகவே ஸ்ரீபாதப் பாறை.

"ஸ்ரீபாதம்" என்ற சொல் வடமொழியாக இருக்கிறதே, அப்படியானால் மக்கள் பெயராக இருக்காது என்று சிலர் உடனே முடிவு கட்டிவிடுவார்கள். அவசரப்படாதீர்கள். கோயில்களில் சாமியைத் தோளில் சுமப்பவர்களுக்கு என்ன பெயர்? ஸ்ரீபாதம் தாங்கிகள். திருவிழாக் காலத்தில் எந்தக் கோயில் வீதியிலும் கேட்கலாம். பெருமாள் கோயிலில் தலையில் வைக்கிற சடாரியில் இருப்பதும் பாதம்தான். கோயிலைச் சுற்றி வாழ்ந்தவர்கள் வாயில் புழங்கிய சொல்தான் இது.

சங்கரன்கோவில்காரர்களுக்கு இந்தக் கதையை விளக்கவே வேண்டாம். அம்மன் தவம் என்றால் நமக்கு ஆடித்தபசு. நம் ஊர்க் கோமதி அம்மனும் தவம் இருந்தவள்தான். ஹரியும் சிவனும் ஒன்று என்று காட்டும்படி கேட்டு அவள் தவம் இருக்க, ஆடி உத்திராடத்தன்று சிவன் சங்கரநாராயணராகக் காட்சி கொடுத்தார் என்பது தலபுராணம். தபசு மண்டபத்துக்கு அம்மன் வரும்போது விவசாயிகள் தங்கள் காட்டில் விளைந்த பருத்தியையும் வத்தலையும் சூறை விடுவதைப் பார்த்திருப்பீர்கள். நம் அம்மனுக்குக் கேட்டது கிடைத்தது. குமரி அம்மனுக்குக் கிடைக்கவில்லை. அங்கேதான் இரண்டு கதைகளும் பிரிகின்றன.

பாணாசுரனைக் கன்னிப் பெண்ணால் மட்டுமே கொல்ல முடியும் என்று ஒரு வரம். அதற்காகவே பராசக்தி குமரியாகப் பிறக்கிறாள். ஆனால் சுசீந்திரத்துச் சிவனுக்கு அவளை மணக்க ஆசை, அவளுக்கும் ஆசை. நாளும் குறித்தாயிற்று. விடிவதற்குள் மாப்பிள்ளை வந்து சேர வேண்டும். கல்யாணம் நடந்துவிட்டால் அசுரனைக் கொல்ல முடியாதே என்று பயந்த நாரதர் சேவலாக மாறிக் கூவிவிடுகிறார். விடிந்துவிட்டது, முகூர்த்தம் தப்பிவிட்டது என்று நினைத்த சிவன் வழுக்கம்பாறை வரை வந்தவர் அப்படியே திரும்பிப் போய்விட்டார் என்பார்கள். சமைக்க வைத்திருந்த அரிசியும் பருப்பும் மணலாகப் போயின. குமரி கடற்கரையில் பல நிறத்தில் மணல் கிடப்பதற்கு ஊர் சொல்லும் காரணம் இது. (புவியியல் மாணவர்கள் கோபப்பட வேண்டாம். சிவப்பு மணல் கார்னெட், கறுப்பு மணல் இல்மனைட், கூடவே மோனசைட்டும் உண்டு. பக்கத்து மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் அரிய மணல் ஆலையே நடக்கிறது.) பாணாசுரனைக் கொன்ற பிறகும் அவள் கன்னியாகவே நின்றுவிட்டாள். கல்யாணம் நடக்காத ஒரு பெண் ஒற்றைக் காலில் நின்று காத்திருந்த இடம் என்று அந்தப் பாறையைப் பார்த்தால், அதன் பழைய பெயர் ஒரு மதிப்பெண் விடையாகத் தெரியாது.

இந்தப் பெயர் எவ்வளவு பழையது? இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். "குமரி" என்ற பெயர் வேறு, "ஸ்ரீபாதப் பாறை" என்ற பெயர் வேறு.

குமரிக்கு எழுத்துச் சான்று நிறையவே இருக்கிறது. தமிழகத்தின் தெற்கு எல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் குமரியைச் சொல்கிறது. புறநானூற்றிலும் தென் எல்லையாகக் குமரி வருகிறது. சிலப்பதிகாரத்தில் மாடலன் என்ற மறையவன் குமரியில் நீராடிவிட்டுத் திரும்பும் வழியில்தான் மதுரையில் கோவலனைச் சந்திக்கிறான். மணிமேகலையில் வாரணாசியைச் சேர்ந்த சாலி என்ற பெண், செய்த பிழைக்குப் பரிகாரம் தேடி அங்கிருந்து குமரிக்கு நீராட வருகிறாள். வரும் வழியில் அவள் பெற்று விட்டுச் சென்ற பிள்ளைதான் ஆபுத்திரன். கங்கைக் கரையில் இருப்பவள் பாவம் தீரக் குமரிக்கு வருகிறாள் என்பதைக் கவனியுங்கள். நாம் இப்போது காசிக்குப் போகிறோம்!

வெளிநாட்டுச் சான்றும் உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட "செங்கடல் செலவு" என்ற மாலுமிக் கையேடு குமரியைப் பற்றிச் சொல்கிறது. அங்கே துறைமுகம் இருக்கிறது, துறவு வாழ்க்கையை மேற்கொள்ள விரும்பும் ஆண்களும் பெண்களும் வந்து நீராடி மணம் செய்யாமல் தங்கிவிடுகிறார்கள், முன்பொரு காலத்தில் ஒரு தேவி அங்கே தங்கி நீராடினாள் என்று சொல்லப்படுகிறது - இவ்வளவும் அதில் இருக்கிறது. ஊர் பேர் தெரியாத ஒரு கிரேக்க வியாபாரி, மிளகு வாங்க வந்த இடத்தில் கேட்ட கதை! மணமாகாத தேவி, நீராடல், துறவு மூன்றும் அப்போதே அங்கே இருந்திருக்கின்றன. பிறகு தாலமி எழுதினார், பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோவும் எழுதினார். போர்ச்சுக்கீசியர் வாயில் அது கொமொரின் ஆகி, ஆங்கிலேயர் வரைபடத்தில் கேப் கொமொரின் ஆனது. குமரி, கொமரி, கொமொரின்... எவ்வளவு திரிந்தாலும் ஒரே பெண்ணின் பெயர்தான்.

இந்தச் சான்றுகள் எல்லாம் பேசுவது துறையைப் பற்றி, முனையைப் பற்றி, நீராடுவதைப் பற்றி. பாறை தனிப் பெயரோடு வருவது கோயில் மரபில், புராண மரபில், ஊரார் வாய்ச்சொல்லில். எனவே "இலக்கியமே சொல்லும் ஈராயிரம் ஆண்டுப் பெயர்" என்று மின்னஞ்சலில் சுற்றுக்கு விடுகிறவர்கள் குமரியின் வயதை எடுத்துப் பாறையின் பெயருக்குப் போட்டுவிடுகிறார்கள். நம் ஊருக்குப் பக்கத்திலேயே ஒப்பிட ஓர் இடம் இருக்கிறது. கழுகுமலைக்கு அரைமலை என்றும் திருநெச்சுறம் என்றும் பழைய பெயர்கள் உண்டு என்கிறோம். எப்படித் தெரியும்? அங்கே சமணச் சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அது கல்லில் எழுதிய பெயர். குமரிப் பாறையின் பெயருக்கு ஆதாரம் எழுத்து அல்ல, அந்தப் பழுப்புத் தடமும் அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டவர்களும்தான். இரண்டும் சான்றுதான், ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

பாறையில் காலடியைப் பார்ப்பது நமக்கு மட்டும் உள்ள வழக்கமும் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் 2,243 மீட்டர் உயரத்தில் ஒரு மலை இருக்கிறது. சிங்களத்தில் அதற்குப் பெயர் ஸ்ரீபாத. அதே பெயர்! பௌத்தர்களுக்கு அது புத்தர் பாதம், தமிழ்ச் சைவர்களுக்குச் சிவனொளிபாதம், முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் ஆதாம் காலடி. மணிமேகலையிலேயே அந்த மலை சமனொளி என்று வருகிறது, மணிபல்லவத்தில் புத்தரின் பாத பீடிகையும் வருகிறது. ஒரே தடத்தை நாலு பேர் நாலு விதமாகப் பார்க்கலாம், நாலு பேரும் ஒரே படிக்கட்டில் ஏறலாம் என்பது அங்கே பல நூற்றாண்டுகளாக நடக்கிறது. குமரியில் அப்படி நடக்கவில்லை. அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் சின்னதாக ஒரு கிளைக்கதை. இந்தப் பாறை கடலில் மூழ்கிய குமரிக்கண்டத்தின் மிச்சம் என்று நம்புகிற நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். பஃறுளி ஆற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டது என்று சிலப்பதிகாரம் சொல்வது உண்மை. ஆனால் இந்தியப் பெருங்கடலில் ஒரு கண்டம் மூழ்கியது என்பதற்குக் கடலடி ஆய்வுகள் இடம் தரவில்லை. அதே நேரத்தில், சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகத்தின் உச்சத்தில் கடல் மட்டம் இப்போதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அன்று இந்தப் பாறை தீவாக இருந்திருக்காது, கரையிலிருந்து நடந்தே போகக்கூடிய ஒரு சிறு குன்றாக இருந்திருக்கும். கண்டம் இல்லாவிட்டாலும் இதுவே போதுமான ஆச்சரியம் என்பது என் கருத்து.

சரி, விஷயத்துக்கு வருவோம். பாறையின் பெயர் எப்போது மாறியது?

1892 டிசம்பரில் ஒரு வங்காளத் துறவி கன்னியாகுமரிக்கு வந்தார். அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானம். (1956 நவம்பர் 1-ல்தான் குமரி மாவட்டம் நம் மாநிலத்தோடு சேர்ந்தது.) கையில் காசில்லை, படகுக்குக் கொடுக்க முடியாமல் நீந்தியே பாறைக்குப் போனார் என்பது ஊரில் வழங்கும் கதை. டிசம்பர் 25, 26, 27 மூன்று நாட்கள் அங்கே தியானம் செய்தார் என்று குறிப்பிடுகிறார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பர் 11-ல் சிகாகோ. மீதி எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு முக்கியமாகப் படுவது அவர் எழுதிய ஒரு கடிதம். 1894 மார்ச் 19-ல் சிகாகோவிலிருந்து சக துறவி ராமகிருஷ்ணானந்தருக்கு எழுதியது. குமரி முனையில், குமரி அன்னையின் கோயிலில், இந்தியாவின் கடைசிப் பாறைத் துண்டில் அமர்ந்திருந்தபோது தனக்கு ஒரு திட்டம் தோன்றியது என்று அதில் சொல்கிறார். பசித்தவனுக்குத் தத்துவம் போதிப்பது பைத்தியக்காரத்தனம், துறவிகள் ஊர் ஊராகப் போய் ஏழைகளுக்குக் கல்வி கொடுக்க வேண்டும் என்பதுதான் அந்தத் திட்டத்தின் சாரம். அவர் பாறைக்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை. அவர் கடிதத்தில் இருக்கும் ஒரே பெயர் குமரி அன்னையுடையது. அவர் பெயரைப் பாறைக்கு வைத்தவர்கள் பின்னால் வந்தவர்கள்.

அந்தப் பெயர் சுலபமாகவும் வந்துவிடவில்லை. இதுதான் ஒரு மதிப்பெண் கேள்வியில் இல்லாத பகுதி.

1963 விவேகானந்தர் பிறந்த நூற்றாண்டு. அதையொட்டி 1962-ல் பாறையில் நினைவுச்சின்னம் எழுப்பக் குழு அமைந்தது. மன்னத்து பத்மநாபன் தலைவரானார். அப்போது உள்ளூர்க் கத்தோலிக்க மீனவர்கள் சிலர் பாறையில் ஒரு பெரிய சிலுவையை நட்டார்கள். கரையிலிருந்தே தெரியும் அளவு பெரியது. இது விவேகானந்தர் பாறை அல்ல, புனித சவேரியார் பாறை என்பது அவர்கள் தரப்பு. பதற்றம் கூடியது. அரசு விசாரணை நடந்து, பாறை விவேகானந்தரோடு தொடர்புடையது, சிலுவை அனுமதியின்றி வைக்கப்பட்டது என்று முடிவானது. ஓர் இரவில் சிலுவை காணாமல் போனது. நினைவுக் கல்வெட்டு ஒன்று மட்டும் வைத்துக்கொள்ள அரசு அனுமதித்தது. 1963 ஜனவரி 17-ல் வைத்தார்கள். மே மாதம் அதை உடைத்துக் கடலில் எறிந்துவிட்டார்கள். ஆக, ஒரு பக்கத்துச் சிலுவையும் போனது, மறு பக்கத்துக் கல்லும் போனது.

இந்தப் பகுதியை எழுதுகிற பலர் மீனவர்கள் தரப்பை ஒரு வரியில் "வீண் உரிமை கோரல்" என்று தள்ளிவிடுவார்கள். நான் அப்படிச் செய்ய விரும்பவில்லை. காரணம் இன்னொரு கடிதம். இது விவேகானந்தருக்கு 350 ஆண்டுகள் முந்தையது. 1544 ஜூனில் பிரான்சிஸ் சவேரியார் மணப்பாட்டிலிருந்து மன்சிலாஸ் என்ற தன் உடன் ஊழியருக்கு எழுதினார். வடுகர் படை கடற்கரை ஊர்களைத் தாக்கியதில் தப்பி ஓடிய கிறிஸ்தவ மக்கள் குமரி முனைப் பாறைகளில் ஒதுங்கி, பசியிலும் தாகத்திலும் செத்துக்கொண்டிருக்கிறார்கள், இருபது தோணிகளோடு அவர்களைக் காப்பாற்றப் போகிறேன் என்கிறது அந்தக் கடிதம். எதிர்க்காற்று அடித்ததால் தோணிகளால் முனையை எட்ட முடியவில்லை. பிறகு அவர் நடந்தே போனார். அந்தப் பாறைகளில் எது எது என்று கடிதம் பிரித்துச் சொல்லவில்லை. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். வாவத்துறைக்காரருக்கு அந்தப் பாறைகள் தினம் கட்டுமரத்தில் கடந்து போகிற வழி. தன் முன்னோர் குடிக்கத் தண்ணீரில்லாமல் ஒதுங்கிக் கிடந்த குமரி முனைப் பாறைகளில் அதுவும் ஒன்று. அம்மன் நின்ற பாறை, துறவி அமர்ந்த பாறை என்பது போல அதுவும் ஒரு நினைவுதானே? அரசு விசாரணை சட்டப்படி ஒரு கேள்விக்குப் பதில் சொன்னது. ஆனால் ஊரின் நினைவில் இருந்தது ஒரே ஒரு பதில் அல்ல. இலங்கை மலையில் நாலு பேருக்கு இடம் இருந்தது போல இங்கேயும் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. கரையில் அலங்கார உபகார மாதா கோயில் கோபுரமும் குமரி அம்மன் கோயிலும் பக்கம் பக்கமாக நிற்கத்தானே செய்கின்றன.

கல்வெட்டு உடைபட்ட பிறகுதான் ஏக்நாத் ரானடே வந்தார். ஆர்.எஸ்.எஸ். அமைப்பின் பொதுச் செயலாளராக இருந்தவர். 1963 அக்டோபரில் முதலமைச்சரான பக்தவத்சலம் பெரிய நினைவுச்சின்னத்துக்குச் சம்மதிக்கவில்லை, பாறையின் இயற்கை அழகு கெட்டுவிடும் என்றார். மத்திய அமைச்சர் ஹுமாயூன் கபீரும் அதே கருத்து. ரானடே டெல்லிக்குப் போய்க் கட்சி வித்தியாசம் இல்லாமல் 323 நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் ஆதரவுக் கையெழுத்து வாங்கினார். அப்போதும் பக்தவத்சலம் இறங்கி வந்தது 15 அடிக்கு 15 அடி என்ற அளவுக்குத்தான்! பிறகு காஞ்சிப் பெரியவரின் ஒப்புதலோடு பெரிய வரைபடத்தைக் கொண்டுபோய்ச் சம்மதம் வாங்கினார்கள். ஸ்தபதி எஸ்.கே. ஆச்சாரி. சுமார் 650 தொழிலாளர்கள் ஆறு ஆண்டுகள் உழைத்தார்கள். கல்லைக் கரையில் செதுக்கிப் படகில் ஏற்றி, அலை அடிக்கிற பாறையில் இறக்க வேண்டும். ஒரு ரூபாய் நன்கொடைகளாக லட்சக்கணக்கான சாதாரண மக்கள் பணம் கொடுத்தார்கள். 1970 செப்டம்பர் 2-ல் குடியரசுத் தலைவர் வி.வி.கிரி திறந்து வைத்தார். முதலமைச்சர் கருணாநிதியும் விழாவில் கலந்துகொண்டார்.

அன்றோடு பழைய பெயர் செத்துவிட்டதா? இல்லை என்பதுதான் இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது. "பழைய பெயர்" என்று புத்தகம் சொல்லும்போது கழற்றிப் போட்ட சட்டை மாதிரி ஒரு தொனி வருகிறது. பாறையில் உண்மையில் இரண்டு மண்டபங்கள் உண்டு. விவேகானந்தர் மண்டபம் ஒன்று. இன்னொன்று அந்தக் காலடித் தடத்தின் மேலேயே கருவறை, பிராகாரம் என்று கோயில் முறைப்படி எழுப்பிய ஸ்ரீபாத மண்டபம். பெயர் சாகவில்லை, சுருங்கிவிட்டது. ஒரு காலத்தில் பாறை முழுவதற்கும் இருந்த பெயர் இப்போது ஓர் அறைக்கு மட்டும் இருக்கிறது. சவேரியார் பாறை என்ற பெயருக்கு அந்த ஓர் அறையும் கிடைக்கவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விவேகானந்தர் மண்டபத்துக்குள் நிற்கும் வெண்கலச் சிலையின் பார்வை எங்கே போகிறது தெரியுமா? நேரே ஸ்ரீபாதத்தின் மேல் விழும்படி இரண்டு மண்டபங்களையும் அமைத்திருக்கிறார்கள். புதிய பெயருக்கு உரியவர் நாள் முழுக்கப் பழைய பெயரையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். கட்டியவர்களின் நோக்கம் பக்தி. எனக்கு அது 1894 கடிதத்தின் தொடர்ச்சியாகவும் படுகிறது. அவர் எழுதியதில் இருந்த ஒரே பெயர் அவளுடையதுதானே.

எங்கள் கல்லூரிச் சுற்றுலாவில் போனபோது இதை நானே கணக்குப் பார்த்தேன். பூம்புகார் கப்பல் கழகத்தின் படகுக்கு வரிசையில் நின்றது இரண்டு மணி நேரம். சிலைக்கு முன்னால் பத்து நிமிடம். தியான மண்டபத்தில் ஓம் எழுத்தைப் பார்த்துக்கொண்டு ஐந்து நிமிடம். (ஒருவன் தூங்கிவிட்டான், பெயர் சொல்லமாட்டேன் :-)) ஸ்ரீபாத மண்டபத்தில் எங்கள் கூட்டம் நின்றது ஒரு நிமிடம் இருந்தால் அதிகம். "என்னலே இது, சின்ன அறையா இருக்கு" என்று எட்டிப் பார்த்துவிட்டு எல்லோரும் போட்டோ எடுக்க ஓடிவிட்டார்கள். அங்கே ஐந்து நிமிடம் நின்று பார்த்தவர்கள் நம் ஆச்சி வயதுப் பெண்கள் சிலர் மட்டும்தான். குனிந்து பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அம்மா தாயே" என்றார்கள். அவர்களுக்கு அது பழைய பெயர் இல்லை, ஒரே பெயர்.

பக்கத்துச் சிறிய பாறையின் கதை இன்னும் விசித்திரம். திருவள்ளுவர் சிலை வரும் வரை பயணிகள் யாரும் அதைக் கணக்கில் எடுத்ததே இல்லை. 1979-ல் பிரதமர் மொரார்ஜி தேசாய் அடிக்கல் நாட்ட, வை. கணபதி ஸ்தபதி வடித்த 133 அடிச் சிலை 2000 ஜனவரி 1-ல் திறக்கப்பட்டது. பீடம் 38 அடி அறத்துப்பாலுக்கு, மேலே 95 அடி பொருளுக்கும் இன்பத்துக்கும். இப்போது அது வள்ளுவர் பாறை. ஐம்பது ஆண்டு கழித்துப் பொது அறிவுப் புத்தகத்தில் "வள்ளுவர் பாறையின் பழைய பெயர் என்ன?" என்று கேட்டால் என்ன விடை எழுதுவார்களோ!

2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது பாறையில் நூற்றுக்கணக்கான சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டு, பிறகு கரைக்கு மீட்கப்பட்டார்கள். விவேகானந்தர் தியானம் செய்ததாகச் சொல்லும் மூன்று நாட்களில் நடு நாள் அது. அன்றைக்குப் பாறையில் நின்றவர்களுக்கு 1544-ல் அங்கே ஒதுங்கியவர்களைப் பற்றித் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் கரையைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பது எப்படி இருக்கும் என்பது மட்டும் இரண்டு கூட்டத்துக்கும் பொது.

2024 டிசம்பர் 30 முதல் இரண்டு பாறைகளையும் 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் இணைக்கிறது. காலுக்குக் கீழே கடல் தெரிய நடக்கலாம், கூட்டமும் அதற்குத்தான். போகிறவர்கள் பாலத்துக்கு ஓடும் முன் விவேகானந்தர் சிலைக்குப் பக்கத்தில் நின்று, அவர் பார்க்கும் திசையில் ஒரு முறை பாருங்கள். அங்கே தெரிவதுதான் ஸ்ரீபாதம்.

உங்கள் ஊர்ப் பக்கம் இப்படிக் காலடி பதிந்த பாறையோ, பெயர் மாறிப் போன குன்றோ இருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள். யார் காலடி என்று ஊரில் சொல்கிறார்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.